வேர்க்காரி

ஃபெரூஜாவுக்கு இந்த உலகத்தில் சொந்தமென்று இருந்தது ஒரே ஒரு காட்டுச் செர்ரி மரம். அது நின்ற மண் அவளுடையதல்ல. மண் அண்ணன் மூஹூபுடையது. அதற்கு முன் அப்பாவுடையது. அதற்கும் முன் அப்பாவின் அப்பாவுடையது. அகூனி ஊரில் பெண்பிள்ளைக்கு நிலத்தில் பங்கு கிடையாது. பிறந்த வீட்டில் சாப்பாடு உண்டு, படுக்க இடம் உண்டு, செத்தால் ஆறடி உண்டு. அவ்வளவுதான்.

மரத்துக்கு மட்டும் அந்த ஊரில் வேறு சட்டம் இருந்தது. ஒருவர் நிலத்தில் இன்னொருவர் மரம் நிற்கலாம். ஊரின் ஆலிவ் மரங்களில் பாதி அப்படி நிற்பவைதான். மரத்துக்காரர் எந்நேரமும் தன் மரத்தடிக்குப் போகலாம், வரலாம். உச்சி வெயிலில் மரம் எவ்வளவு நிழல் போடுகிறதோ, அவ்வளவு இடத்தில் நிலத்துக்காரர் கை வைக்கக் கூடாது. மரம் விழுந்துவிட்டால் அந்த இடம் மறுபடி மண்காரருக்குப் போய்விடும்.

அந்த மரம் அவளுக்கு வந்த கதை சின்னது. அப்போது அவளுக்கு ஒன்பது வயது. வீட்டு நிலத்தின் மேல்சரிவில், ஓக் காடு முடிந்து ஈரமண் தொடங்கும் இடத்தில், இடிந்த கல்சுவரின் காலடியில் ஒரு செடி முளைத்திருந்தது. காட்டில் பழம் தின்ற ஏதோ ஒரு பறவை போட்ட விதை. ஆடுகள் இரண்டு முறை அதன் தலையைக் கடித்துவிட்டன. மூன்றாம் முறை கடிப்பதற்குள் அவள் கல் சுமந்து கொண்டுவந்து செடியைச் சுற்றி இடுப்பளவுக்கு வளையம் கட்டிவிட்டாள். யாருக்கும் சொந்தமில்லாத கன்றுக்கு எவர் கல்வளையம் கட்டுகிறாரோ, கன்று அவருடையது. இதுவும் ஊர்ச் சட்டம். அப்பா ஊர்ச் சபையில் போய்ச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார், என் மகளுக்கு ஒரு மரம் இருக்கிறது, எழுதிக்கொள்ளுங்கள் என்று. சபையில் எழுதும் வழக்கம் கிடையாது. எல்லோரும் சிரித்தார்கள். ஆனாலும் சொன்னது சொன்னதுதான். சபையில் ஒரு சொல் விழுந்துவிட்டால் அது கல்லில் விழுந்த மாதிரி.

மரம் ஓக் மரங்களைத் தாண்டி வளர்ந்தது. அதன் பட்டை பட்டுத்துணி போல மினுங்கும். குறுக்கே குறுக்கே கோடு ஓடும். காயம்பட்ட இடத்தில் தேன்நிறப் பிசின் கசிந்து கட்டியாகி நிற்கும். ஏப்ரலில் இலை வருவதற்கு முன்பே மரம் முழுக்க வெள்ளையாகிவிடும். எதிர்மலையில் இருப்பவர்கள், அகூனியில் இன்னும் பனி உருகவில்லை போலிருக்கிறது என்பார்கள். ஜூனில் பழம். பட்டாணி அளவுதான் இருக்கும். கறுத்த சிவப்பு. முதல் கடியில் இனிப்பு, விழுங்கும்போது தொண்டையில் ஒரு கசப்பு. மேலே பாறைகளிலிருந்து குரங்குகள் இறங்கி வந்து பாதியைத் தின்னும். மைனாக்கூட்டம் மாதிரியான கறுப்புப் பறவைகள் மீதியைத் தின்னும். மனிதருக்கு மிஞ்சுவது கைப்பிடி.

அதனால் ஊரில் எல்லோரும் அவளுக்குச் சொன்ன புத்தி ஒன்றே: ஒட்டுக்கட்டு. காட்டு மரத்தின் கால்மேல் நல்ல செர்ரியின் கிளையை ஒட்டினால் பெரிய பழம் காய்க்கும், சந்தையில் விலை போகும். ஒட்டுக்கட்டத் தெரிந்த மூன்று பேர் மூன்று வருஷம் கத்தியோடு வந்து நின்றார்கள். அவள் விடவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, அது என்ன பழம் காய்க்கணும்னு அதுக்குத் தெரியும் என்று சொல்லி அனுப்பினாள்.

பதினெட்டு வயதில் ஆற்றுக்கு அப்பால் ஓர் ஊரில் கட்டிக்கொடுத்தார்கள். புருஷன் பிரான்ஸுக்கு வேலைக்குப் போனான்; அங்கேயே இன்னொருத்தியோடு குடும்பமானான். பன்னிரண்டு வருஷம் மாமியார் வீட்டில் மாவு சலித்துவிட்டு, ஒரு தகரப்பெட்டியோடு பஸ்ஸில் திரும்பி வந்தாள். வழியனுப்பும்போது மாமியார் சொன்னாள், நீ எங்க மரத்துல ஒட்டவே இல்லடி என்று. பஸ் மலையேறும்போது அதை நினைத்து ஃபெரூஜாவுக்குச் சிரிப்பு வந்தது.

அதற்குப் பின் பத்து வருஷம். அண்ணன் வீட்டில் அவள் இருக்கும் இடமெல்லாம் இன்னொருவருடைய இடம். அடுப்படி அண்ணி நுவாராவுடையது. முற்றம் அண்ணனுடையது. தூங்கும் அறையில் கோதுமைப் பானைகளுக்கு நடுவே அவளுக்கு ஒரு பாய் அகலம். மத்தியானம் வேலை முடிந்ததும் சல்லடையை எடுத்துக்கொண்டு மேல்சரிவுக்குப் போய்விடுவாள். மரத்தடியில் உட்கார்ந்து கோதுமை ரவையை நனைத்துக் குஸ்குஸ் உருட்டுவாள். அந்த நிழலுக்குள் இருக்கிறவரை அவள் யாருடைய தங்கையும் இல்லை, யாரும் தள்ளிவைத்தவளும் இல்லை. எழுந்திரு என்று சொல்ல எவனுக்கும் உரிமை இல்லாத இடம், இந்த பூமியில் அது ஒன்றுதான்.

நுவாரா சுவரோரம் நின்று கிண்டல் செய்வாள்.

"மகாராணி தர்பாருக்குக் கிளம்பிட்டாங்க. குரங்கெல்லாம் வந்து வரிசையா நிக்குதாம்."

"உன்னையும் கூப்பிடச் சொல்லுதுங்க அண்ணி. சொந்தக்காரங்களாம்."

இப்படிப் போய்க்கொண்டிருந்தது.

மூஹூபின் மகன் இதிருக்குக் கல்யாணம் நிச்சயமானது. பெண் வீட்டார் தனி வீடு கேட்டார்கள். மேல்சரிவில்தான் வீடு எழுப்ப வசதி. பாதை பக்கம், பார்வை நல்ல பார்வை. நடுவில் மரம். ஒரு நாள் சாப்பிட்டுக் கைகழுவியபின் மூஹூப் தங்கையிடம் நயமாகத்தான் பேசினான். பிள்ளைக்கு ஒரு வீடு வேண்டாமா, பழமும் உருப்படியான பழம் இல்லை, விறகுக்கும் பலகைக்கும் ஆகும், பலகையில் உனக்கு ஒரு நல்ல பெட்டி செய்து தரச் சொல்கிறேன் என்றான்.

"பெட்டி ஏற்கெனவே ஒண்ணு இருக்கு அண்ணே. அதோடதான் வந்தேன்."

"பிடிவாதம் பிடிக்காத. உனக்கு இந்த வீட்ல என்ன குறை?"

"குறையே இல்ல. நீ கொடுக்கறதெல்லாம் வாங்கிக்கறேன். அது மட்டும் நீ கொடுத்தது இல்ல."

அவன் எழுந்து வெளியே போனான். மறுவாரம் வீட்டுக்குப் பின்னால் ஒரு கிடா கட்டியிருந்தது. நுவாரா பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்த ஆட்டின் குட்டி, இரண்டு வருஷம் வளர்த்தது. கல்யாணத்துக்குத்தான் கொழுக்க வைக்கிறார்கள் என்று ஃபெரூஜா நினைத்தாள். தினமும் அவளே அதற்குத் தழை ஒடித்துப் போட்டாள்.

இலையுதிர் காலத்தில், உழவு தொடங்குமுன் ஊர் கூடி மாடு அறுத்து, வீட்டுக்கு வீடு கறிப்பங்கு போடும் நாள் வந்தது. அன்றைக்கு ஊரில் ஒருவர்கூட வீட்டில் இருக்க மாட்டார். சதுக்கத்தில் பெரணி இலை விரித்து அதன்மேல் கறிக்குவியல்கள். தலைக்கட்டு எத்தனையோ குவியல் அத்தனை. பெண்கள் கீழ்ப்பாதையில் பாத்திரங்களோடு நின்றார்கள். ஃபெரூஜாவுக்குத் தனிப் பங்கு இல்லை. மூஹூபின் குவியலுக்குள் அவளும் அடக்கம். அவளும் நுவாராவும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வரும்போது மேலேயிருந்து ஒரு சத்தம் கேட்டது. மோட்டார் ரம்பம். பாத்திரத்தை அப்படியே நுவாராவின் கையில் விட்டுவிட்டு ஓடினாள்.

அவள் போய்ச் சேர்ந்தபோது மரம் சரிவில் தலைகீழாகப் படுத்திருந்தது. வேறு பள்ளத்தாக்கிலிருந்து கூலிக்கு வந்த ஒரு ஆள் கிளைகளைக் கழித்துக்கொண்டிருந்தான். அவனுக்கு ஒன்றும் தெரியாது. சலாம் சொல்லிவிட்டு, நல்ல மரம்மா, உள்ளே பாருங்க, ரோஜா நிறம் என்றான். வெட்டுவாயில் ஈரம் கசிந்தது. அவள் கை வைத்துப் பார்த்தாள். கை பிசுபிசுத்தது. கழுவாமல் விட்டாள்.

அன்று சாயங்காலமே மூஹூப் கிடாவைப் பிடித்துக்கொண்டு சபைக்குப் போனான். பிறர் மரத்தை வெட்டினால் ஊருக்கு ஒரு கிடா தண்டம். தானாகவே போய்ச் சொல்லி, தானாகவே தண்டம் கட்டினான். சபைக்கு வேறு வழியில்லை. மரம் இல்லை, நிழல் இல்லை, இடம் மண்காரருக்கு. எல்லாம் சட்டப்படி நடந்தது. தான் தழை போட்டு வளர்த்த கிடா எதற்காகக் கட்டியிருந்தது என்று ஃபெரூஜாவுக்கு அப்போதுதான் புரிந்தது. நுவாராவும் அன்று இரவு சமைக்கவில்லை. தலைவலி என்று படுத்துக்கொண்டாள்.

குளிர்காலத்தில் மூஹூப் மேல்சரிவு முழுக்கக் கம்பிவேலி போட்டான். ஆடு மாடு வந்து வீட்டுக்கு நட்ட அளவுக்குச்சிகளைச் சாய்க்கக் கூடாது. தங்கையும் வந்து அடிமரத்தில் உட்காரக் கூடாது. பனி விழுவதற்குள் அடித்தளத்துக்கு நாலு பக்கமும் பள்ளம் தோண்டினார்கள். மண்வெட்டியில் வேர்கள் வெட்டுப்பட்டன. விரல் தடிமன், மணிக்கட்டு தடிமன். பிறகு பனி விழுந்தது. ஜுர்ஜுரா மலையே தெரியாத அளவுக்கு விழுந்தது. வேலை நின்றது. ஃபெரூஜா அந்த மூன்று மாதமும் அண்ணனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. ரொட்டி சுட்டாள், தண்ணீர் எடுத்தாள், பாத்திரம் தேய்த்தாள். அவன் முன்னால் தட்டை வைக்கும்போது மட்டும் சற்றுச் சத்தமாக வைத்தாள்.

மே மாதத்தில் ஒரு நாள் சுவரோரம் நடந்தபோது வேலிக்குள் ஏதோ செம்பு நிறத்தில் மினுங்கியது. நின்று பார்த்தாள். பள்ளத்தின் விளிம்பில் முழங்கால் உயரத்தில் ஒரு குச்சி. அதன் இலைகள் புது இலைக்கே உரிய செம்பழுப்பு. இலைக்காம்பில், இலை தொடங்கும் இடத்தில், குண்டூசித் தலை போல இரண்டு சிவப்புப் புள்ளிகள். அந்தப் புள்ளிகளை அவள் ஒன்பது வயதிலிருந்து அறிவாள்.

கம்பியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். பாவாடை கிழிந்தது. அடிமரத்தைச் சுற்றி ஐந்து. பள்ளத்தின் இந்தப் பக்கம் எட்டு, அந்தப் பக்கம் ஆறு. சரிவில் தள்ளித் தள்ளி இன்னும் பன்னிரண்டு. வேர் எங்கெல்லாம் ஓடியிருந்ததோ, எங்கெல்லாம் வெட்டுப்பட்டதோ, அங்கெல்லாம் மண்ணைப் பிளந்துகொண்டு நின்றன. மற்ற வருஷங்களில் இப்படி ஒன்றிரண்டு வந்தால் ஆடுகள் மறுநாளே தின்றுவிடும். இந்த வருஷம் ஆடு உள்ளே வரவில்லை. அண்ணன் கம்பிவேலி போட்டிருந்தான். அவள் பள்ளத்துக்குள் உட்கார்ந்து சிரித்தாள். வயிறு வலிக்கும்வரை சிரித்தாள். அப்புறம் இடுப்பில் கட்டியிருந்த சிவப்பும் மஞ்சளும் கோடு போட்ட துணியை அவிழ்த்து, பல்லால் கடித்துக் கிழித்து, ஒவ்வொரு துளிருக்கும் ஒரு கீற்று கட்டினாள். முப்பத்தொன்று.

வெள்ளிக்கிழமை சபை கூடியது. சபை கூடும் இடம் ஊர்வாயிலில், கூரை போட்ட வழியின் இருபுறமும் கல் பெஞ்சுகள். பெண்கள் அந்த வழியாகப் போவதில்லை. அவர்களுக்கென்று ஆண்கள் கண்ணில் படாத கீழ்ப்பாதை இருக்கிறது. ஃபெரூஜா மேல்வழியாகவே வந்தாள். ஒருவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, இது பொம்பளைங்க வர்ற வழி இல்லயே என்றார்.

"தெரியும். கீழ்ப்பாதையில வந்தா நீங்க யாரும் இருக்க மாட்டீங்களே," என்றாள்.

சபைத் தலைவர் பெலாயித்துக்கு எழுபது வயது. அவளை உட்காரச் சொல்லவும் முடியவில்லை, போகச் சொல்லவும் மனம் வரவில்லை. என்ன வேண்டும் என்று கேட்டார்.

"ஒண்ணும் வேண்டாம். ஒரு கேள்விதான். போர்ல பிரெஞ்சுப் பட்டாளத்தான் நம்ம ஆலிவையெல்லாம் எரிச்சானே, அடுத்த வருஷம் அந்த வேர்ல இருந்தெல்லாம் துளிர் வந்துச்சே. அதெல்லாம் யாருக்குன்னு இந்தச் சபை சொல்லுச்சு?"

பதில் தெரியாதவர் யாரும் அங்கே இல்லை. போர் முடிந்த வருஷம், எரிந்த மரங்களின் நிலத்துக்காரர்கள் மரம் போயிற்று, இடம் எங்களுடையது என்று கிளம்பியபோது, சபை மூன்று நாள் உட்கார்ந்து முடிவு சொன்னது: வேரிலிருந்து வந்தது வேருக்குரியவருக்கு, துளிர் ஆளுயரம் ஆகும்வரை அதைச் சுற்றி ஐந்து அடி வைப்புக்குள் மண்வெட்டி படக்கூடாது. அந்த முடிவு சொன்னவர்களில் பெலாயித்தும் ஒருவர். அன்றைக்கு அவருக்கு மீசை கறுப்பு.

மூஹூப் எழுந்தான். அது ஆலிவ், இது குருவி எச்சத்தில் முளைத்த காட்டு மரம், ஒட்டுக்கூடக் கட்டாதது, அதையும் இதையும் ஒன்றாக வைப்பதா என்று கேட்டான். சிலர் தலையாட்டினார்கள். ஃபெரூஜா அவன் பக்கம் திரும்பவே இல்லை. எதிர்ப் பெஞ்சில் இருந்த நெட்டையான மனிதரைப் பார்த்தாள்.

"மெஸியான் அண்ணே, உங்க ஆலிவ் நாலும் எங்க அண்ணன் நிலத்துலதான் நிக்குது. நாலும் எரிஞ்ச வேர்ல வந்தது. இன்னைக்கு என் துளிரைப் பிடுங்கலாம்னு நீங்க தலையாட்டுங்க. நாளைக்கு அதே ரம்பக்காரன் உங்களுக்கும் வருவான். எங்க அண்ணன் இன்னொரு கிடா வாங்கிக் கட்டுவாரு, தழை நான் போடறேன்."

ஆடிய தலைகள் நின்றன. மெஸியான் மூஹூபைப் பார்த்தார். இன்னும் இரண்டு மூன்று பேர் தங்களுக்கு எந்த நிலத்தில் எந்த மரம் என்று மனதுக்குள் நடந்துபோய்ப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் முகத்திலேயே அது தெரிந்தது.

மூஹூப் விடவில்லை. சரி, ஒரு மரத்துக்குப் பதிலா ஒரு துளிர் எடுத்துக்கட்டும், முப்பத்தொண்ணு என்ன நியாயம் என்றான்.

"பதிலுக்கு நான் கேக்கல. வேர் கொடுத்ததைக் கேக்கறேன். வேரை வெட்டி வெட்டிப் பெருக்கினது நீதானே அண்ணே."

அங்கே யாரோ சிரித்துவிட்டார்கள். சிரிப்பு ஒருமுறை கிளம்பிவிட்டால் சபையில் வழக்கு முடிந்த மாதிரிதான். பெலாயித் தடியை ஊன்றி எழுந்து, நடங்க, அளந்துடலாம் என்றார்.

மேல்சரிவுக்கு ஊரே வந்தது. பெண்கள் சுவருக்கு அந்தப் பக்கம் நின்றார்கள். ஒவ்வொரு துளிரிலிருந்தும் நாலு திசையிலும் ஐந்து அடி வைப்பு. பெலாயித்தே அளக்கத் தொடங்கினார். அவர் வயதுக்கு அடி குறுகல். மூஹூப் முகத்தில் கொஞ்சம் தெளிவு வந்தது. ஃபெரூஜா குறுக்கே வந்து, தலைவர் களைச்சிட்டார், மெஸியான் அண்ணன் அளக்கட்டும் என்றாள். மெஸியானுக்கு ஊரிலேயே நீளமான கால். அவருக்கும் இப்போது அளக்க ஆசை. ஒவ்வொரு அடியையும் ஓடையைத் தாண்டுவது போல வைத்தார். வட்டங்கள் ஒன்றோடொன்று முட்டின, ஒன்றின்மேல் ஒன்று ஏறின. வெட்டிய பள்ளம் நாலும் வட்டங்களுக்குள் போய்விட்டது. வீட்டின் நடுக்கூடம் போனது. வாசல் போனது.

முப்பத்தொன்றும் முடிந்தது என்று பெலாயித் சொன்னபோது சுவருக்கு அப்பாலிருந்து ஒரு குரல் வந்தது.

"அந்த முள்ளுப்புதர் பக்கம் ஒண்ணு நிக்குது. அதை விட்டுட்டீங்க."

நுவாரா. மூஹூப் திரும்பி மனைவியைப் பார்த்தான். அவள் வேறெங்கோ பார்த்தாள். முப்பத்திரண்டாவது துளிருக்குத் துணிக்கீற்று இல்லை. ஃபெரூஜா தேடுவதற்குள் நுவாரா தன் தலைத்துணியின் ஓரத்தைக் கிழித்துச் சுவருக்கு மேலே நீட்டினாள்.

அன்று மாலை ரொட்டி சுடும்போது ஃபெரூஜா கேட்டாள், உன் மகன் வீடாச்சே, ஏன் அண்ணி என்று. நுவாரா ரொட்டியைத் திருப்பிப் போட்டாள்.

"உன்மேல பாசம் பொங்கி வழியுதுன்னு நினைக்காத. எங்க அம்மா கொடுத்த ஆட்டோட கிடா அது. என்னை ஒரு வார்த்தை கேக்கல."

இதிர் நகரத்திலிருந்து வந்ததும் நேராக அத்தையிடம்தான் வந்தான். மரம் வெட்டியது தனக்குத் தெரியாது என்றான். அது உண்மையாகவும் இருக்கலாம். வாசலில் நின்றபடியே தலையைச் சொறிந்துகொண்டு கேட்டான்.

"அத்தை, வீடு எங்க கட்டட்டும்?"

அவள் அவனைச் சரிவுக்குக் கூட்டிப்போனாள். வட்டங்களுக்குக் கீழே, கிணற்றுப் பாதையை ஒட்டி, கல் நிறைந்த ஒரு துண்டு மீதி இருந்தது. பார்வை அவ்வளவு நல்ல பார்வை இல்லை. அங்கே கட்டினால் மேலேயுள்ள வண்டிப்பாதையிலிருந்து சாமான் இறக்க அவளுடைய வட்டங்களின் வழியாகத்தான் வரவேண்டும்.

"அங்க கட்டு. வழி நான் விடறேன். நீ வந்து கேட்ட, அதனால விடறேன். உங்க அப்பாவுக்குச் சொல்லு, அவருக்கும் வழி உண்டு. கேக்கணும்."

மூஹூப் கேட்கவில்லை. மகன் வீட்டு வேலையைப் பார்க்க, ஊரைச் சுற்றிக்கொண்டு, கீழே ஓடைக்கு இறங்கி, மறுபடி ஏறிப் போவான். ஒரு மத்தியானம் மூச்சுவாங்க மேலே வந்தவன், சரிவின் விளிம்பில் நின்றான். கம்பிவேலி இன்னும் அப்படியே இருந்தது. அதைப் பிடுங்கக் கூடாது என்று ஃபெரூஜா சொல்லியிருந்தாள். உச்சி வெயில். உள்ளே அவள் சல்லடையோடு, வெட்டிய அடிமரத்தின்மேல் உட்கார்ந்து குஸ்குஸ் உருட்டிக்கொண்டிருந்தாள். அவளைச் சுற்றி முப்பத்திரண்டு குச்சிகள், துணிக்கீற்றுகள் காற்றில் படபடக்க. அவள் தலைமேல் நிழலே இல்லை. முகம் வேர்த்து வழிந்தது.

பல மாதத்துக்குப் பிறகு அவன் அவளிடம் பேசினான்.

"இதுக்காகவா இத்தனையும்? ஒரு கையகல நிழல்கூட இல்ல."

ஃபெரூஜா சல்லடையை ஒரு தட்டுத் தட்டினாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"வளரும்," என்றாள்.